இரண்டு ஆள் பிட்டு

வேவு பார்க்கப் போகிறவன் கறுப்புக் கண்ணாடி போடுவான், கோட்டுக் கொலரைத் தூக்கிவிடுவான் என்றுதான் நினைத்திருந்தேன். நான் வேவு பார்க்கப் போனபோது அக்கா என் கையில் தந்தது இரண்டு கிலோ மிளகாய்த்தூள்.

"இதை அவரிட்டைக் குடு. குடுக்கேக்கை முகத்தைப் பார். கள்ளம் இருந்தா முகத்திலை தெரியும்" என்றாள்.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு மாசி, அதாவது பெப்ரவரி மாதம். அக்கா ரொறன்ரோவில் இருந்தாள். அவள் புருஷன் குலம் அத்தான் லண்டனில் இருந்தார். இது சண்டையால் வந்த பிரிவு அல்ல, ஏஜென்சிக்காரனால் வந்தது. எல்லோரையும் ஒன்றாக அனுப்புகிறேன் என்றவன் அக்காவையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் என்னையும் கனடாவில் இறக்கினான். அத்தானை லண்டனில் தவறவிட்டான், சூட்கேஸ் தவறுவதுபோல. சூட்கேஸ் என்றால் மூன்று நாளில் வீட்டுக்கு வந்துவிடும். அத்தான் ஆறு வருடமாக வரவில்லை.

முதல் ஐந்து வருடம் பேப்பர் இல்லாததால் வரவில்லை. அதைக் குற்றம் சொல்ல முடியாது. பிறகு அக்கா ஸ்பொன்சர் செய்து, மெடிக்கல் முடிந்து, விசாவும் குத்தியாகிவிட்டது. அந்தப் பாஸ்போர்ட் நாலு மாதமாக அவருடைய மேசை லாச்சிக்குள் கிடந்தது. பங்குனி முடிய விசாவும் முடியும். போனில் கேட்டால் "வாறன், வாறன்" என்பார். ஞாயிற்றுக்கிழமை எடுத்தால் போனில் ஆளே இல்லை.

"ஒருத்தி இருக்கிறாள்" என்று அக்கா முடிவு கட்டிவிட்டாள். "உனக்குப் பத்து நாள். வாறாரோ, இல்லையோ, ஒரு சொல்லு எனக்கு வேணும். இல்லையெண்டா பிள்ளையளுக்குச் சொல்லிப்போடுவன், உங்களுக்கு அப்பா இல்லையெண்டு."

இப்படிப்பட்ட வேலைக்கு என்னைத் தெரிவு செய்தது அக்காவின் பிழை. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஸ்காபரோவில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி ஒட்டுகிறவன். கவலைப்படுவதில் மட்டும் யாரும் என்னை முந்த முடியாது. பிளேன் விழுந்துவிடுமோ என்று அத்திலாந்திக்கின் முதல் பாதியில் கவலைப்பட்டேன். விழாமல் போய்ச் சேர்ந்தால் அத்தானிடம் என்னவென்று கேட்பது என்று மறு பாதியில் கவலைப்பட்டேன்.

ஹீத்ரோவில் சுங்க அதிகாரி மிளகாய்த்தூள் பையைத் திறந்து மணந்து பார்த்தார். அது அவர் செய்த பிழை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதை மனிதர்கள் சாப்பிடுவார்களா?" என்று கேட்டார். "தினமும், சேர்" என்றேன். என்னைக் கைதியைப் பார்ப்பதுபோலப் பார்த்து விட்டுவிட்டார்.

அத்தானுக்கு ஷிப்ட், வரவில்லை. வழி எழுதிய காகிதம் மட்டும் முன்பே தபாலில் வந்திருந்தது. காகிதத்தைச் சரியாகப் பிடித்துக்கொண்டு ரெயினைப் பிழையாகப் பிடித்தேன். கிழக்கே ஈஸ்ட் ஹாமுக்குப் போக வேண்டியவன் மேற்கே கடைசி ஸ்டேஷனில் இறங்கினேன். பக்கத்தில் மான்கள் உலாவும் பூங்கா இருப்பதாகப் படம் போட்டிருந்தார்கள். எனக்கு மான் எதற்கு? அழுகிற நிலையில் நின்றபோது ஒரு வெள்ளைக்கார அம்மா காகிதத்தை வாங்கிப் பார்த்து, "முழுவதும் பிழையான பக்கம் வந்துவிட்டாயே, கண்ணே" என்றார். பிழையான பக்கம் வந்தவனைக் கண்ணே என்று கூப்பிடும் ஊர் இது. ரொறன்ரோவில் 'அடுத்த ஆள்' என்று சொல்லியிருப்பார்கள்.

குளிரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரொறன்ரோக் குளிர் கதவைத் திறந்ததும் கன்னத்தில் அறையும், ஆளுக்கு ஆள் நேரே மோதும். லண்டன் குளிர் சத்தம் போடாமல் வந்து, பிக்பொக்கட்காரனைப்போல உடுப்புக்குள் கைவிட்டு எலும்பைத் தேடும். மழை பெய்கிறதா இல்லையா என்றே முடிவெடுக்க முடியாத ஒரு ஈரம். இரண்டாம் நாளே என் சப்பாத்து அழத் தொடங்கிவிட்டது.

அத்தான் ஈஸ்ட் ஹாமுக்குப் பக்கத்தில், ஃபாரஸ்ட் கேட்டில் பொன்னம்மா அன்ரி வீட்டு மேல்மாடியில் ஒரு அறையில் இருந்தார். மெலிந்துபோயிருந்தார். குரங்குத் தொப்பி காதை மூடியிருந்தது. மிளகாய்த்தூளைக் கொடுத்து முகத்தைப் பார்த்தேன். பையை மணந்தவர் ஏழு தரம் தும்மினார். தும்முகிற முகத்தில் கள்ளம் தெரியுமா தெரியாதா என்று அக்கா எனக்குச் சொல்லித்தரவில்லை.

"பிள்ளையள் சுகமோ?"

"சுகம் அத்தான். சின்னவள் உங்களைக் கேட்டவள்."

"என்னெண்டு?"

"அப்பா உயரமோ கட்டையோ எண்டு."

அவர் கேத்திலில் தண்ணீர் வைத்தார். "ரிக்கற் எப்ப போடுறியள்?" என்று கேட்க வாயெடுத்தேன். "குளிர் எப்பிடி?" என்று கேட்டு வாயை மூடிக்கொண்டேன்.

அடுத்த நாள் அதிகாலையே அத்தான் பெட்ரோல் நிலைய வேலைக்குப் போய்விட்டார். பொன்னம்மா அன்ரி எனக்கு இடியப்பமும் கட்டைச் சம்பலும் வைத்தார். ஒவ்வொரு இடியப்பத்துக்கும் ஒரு தகவல் வைத்தார்.

"நல்ல மனுசன் தம்பி. குடி இல்லை, சீட்டு இல்லை. ஆனா ஞாயிற்றுக்கிழமையிலைதான் எனக்கொரு யோசனை."

"என்ன அன்ரி?"

"விடிய வெளிக்கிட்டா பொழுதுபடத்தான் வருவர். வரேக்கை ஒரு மணம்."

"சென்ற் மணமோ?"

"சீ, அதில்லை. ஒரு... ஈர மணம்." அன்ரி குரலைத் தாழ்த்தினார். வீட்டில் எங்கள் இருவரையும் தவிர ஒருவரும் இல்லை. "பிட்டு வேற. ஞாயிறு எண்டா என்னட்டைச் சொல்லி ரெண்டு ஆள் பிட்டு அவிப்பிச்சுக் கட்டிக்கொண்டு போறவர். தான் ஒரு நீத்துப்பெட்டிப் பிட்டை முடிக்கமாட்டார். மற்றது ஆருக்கு?"

எனக்கு ஐந்தாவது இடியப்பம் இறங்கவில்லை. மணம் பிழைக்கலாம், பிட்டு பிழைக்காது. எங்கள் ஊர் ஆண்பிள்ளை ஒருத்திக்குப் பிட்டுக் கட்டிக்கொண்டு போகிறான் என்றால் அது விளையாட்டு இல்லை, குடும்பம்.

அறைக்குப் போய்க் கட்டிலுக்குக் கீழே தேடினேன். செய்யக்கூடாத காரியம்தான். ஆனால் அதற்காகத்தானே விமானச் சீட்டே எடுத்தது. ஒரு சப்பாத்துப் பெட்டி இருந்தது. திறந்தேன்.

முதலில் கண்டது முகம். முயலின் முகத்தோல். இரண்டு காதும் அப்படியே இருந்தன, கண் இருந்த இடத்தில் இரண்டு ஓட்டை. அதற்குக் கீழே மயிலிறகு, கோழியின் கழுத்து இறகு, சிவப்பு நூற்கட்டை, பொன்னிறக் கம்பி, ஒரு துண்டு மெழுகு, பொட்டலம் கட்டிய கறுப்பு மயிர்.

பெட்டியை உடனே மூடினேன். அத்தானை ஒருத்தி சும்மா பிடிக்கவில்லை, மருந்து வைத்துப் பிடித்திருக்கிறாள். சிவப்பு நூல், மயிர், மிருகத்தின் முகம் எல்லாம் இருக்கின்றன. ஊரில் இதில் பாதி இருந்தாலே ஒரு வீடு விளங்காமல் போகும். லண்டனில் இதெல்லாம் எங்கே வாங்குகிறார்கள் என்றும் ஒரு பக்கம் யோசித்தேன். ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட்டில் எல்லாம் கிடைக்கும் என்று சொல்லியிருந்தார்கள். இவ்வளவும் கிடைக்கும் என்று நினைக்கவில்லை.

உடனே ஈஸ்ட் ஹாமுக்குப் போனேன். நகைக்கடை, சேலைக்கடை எல்லாம் தாண்டி ஒரு பலசரக்குக் கடையில் தேசிக்காயும் கற்பூரமும் வாங்கினேன். பயத்தில் இரண்டு மட்டன் ரோல்ஸும் ஒரு கொத்து ரொட்டியும் சாப்பிட்டேன். பயம் வந்தால் எனக்குப் பசி வரும். வீட்டுக்கு வந்து தேசிக்காயைச் சுற்றி, தெரிந்த தேவாரத்தில் பாதியைச் சொல்லி, அத்தானின் தலையணைக்குக் கீழே வைத்தேன். கற்பூரம் கொளுத்தவில்லை. கூரையில் புகை மணி இருந்தது.

பின்னேரம் அத்தான் படுக்கையில் சாய்ந்தார், எழுந்தார், தலையணையைத் தூக்கினார்.

"நல்ல தேசிக்காய். எங்கை வாங்கினீர்?" என்றார். பிளேன்ரீக்குப் பிழிந்து குடித்துவிட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் அவர் நீளமான துணி உறை ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே போனார். பின்னால் போனேன். பத்து நிமிட நடையில் ஒரு பெரிய புல்வெளி வந்தது. வான்ஸ்டெட் பக்கம் வரை நீளும் வெளி, காற்றை மறிக்க ஒன்றுமில்லை. ஒரு மரத்துக்குப் பின்னால் நின்று பார்த்தேன்.

அத்தான் புல்லின் நடுவில் நின்றார். உறையிலிருந்து ஒரு மெல்லிய தடியை எடுத்துப் பொருத்தினார். தடியைத் தலைக்கு மேலே பின்னால் வீசினார், நிறுத்தினார், முன்னால் வீசினார். பச்சை நிறத்தில் ஒரு கயிறு வானத்தில் வளைந்துபோய் இருபது அடி தூரத்துப் புல்லில் மெதுவாக விழுந்தது. பக்கத்தில் தண்ணீர் இல்லை, ஒரு குட்டை கூட இல்லை. திரும்ப இழுத்தார், திரும்ப வீசினார்.

ஒரு நாய் என் காலை மணந்து குரைத்தது. நாயின் சொந்தக்காரர் என் பார்வை போன பக்கத்தைப் பார்த்தார். "அவரா? ஒவ்வொரு சனிக்கிழமையும் இங்கே புல்லில் மீன் பிடிக்கிறார். இன்றுவரை ஒன்றும் அகப்படவில்லை" என்றார்.

இந்த இடத்தில் எனக்கு நெஞ்சு நின்றதற்கு வேறு காரணம் உண்டு. அதைச் சொல்லாவிட்டால் மிச்சக் கதை விளங்காது.

எங்கள் சனம் மீன் தின்னும். தலையைச் சூப்பும், சினைக்குச் சண்டை பிடிக்கும். ஆனால் பிடிக்காது. பிடிப்பது வேறு ஆட்களின் வேலையாம். அந்த ஆட்களைப் படலைக்கு வெளியே நிறுத்துவார்கள், அவர்கள் கொண்டுவந்த மீனை அடுப்படி வரைக்கும் வரவேற்பார்கள். எங்கள் அப்பா ஊரில் தலைமைக் கிளாக்கராக இருந்து பென்ஷன் எடுத்தவர், இப்போது ஸ்காபரோவில் எங்களோடு பதினாலாம் மாடியில் இருக்கிறார். எல்லையிலே பாஸ்போர்ட்டைக் கிழித்து எறிந்துவிட்டு வந்த சனத்தோடு இந்தப் பெருமையும் கூடவே வந்தது. அதனிடம் மட்டும் ஒருவரும் விசா கேட்கவில்லை.

அந்தப் பதினாலாம் மாடியில், சனிக்கிழமை ஓவர் டைம் என்று சொல்லிவிட்டு, நாலு வருடமாக நான் போய்வந்தது மீன் பிடிக்க. தொழிற்சாலையில் என்னோடு பெட்டி ஒட்டும் ஒரு வியட்நாம்காரன் தன் காரில் வடக்கே ஒரு ஏரிக்குக் கூட்டிப்போவான். கோடையில் பாஸ் என்ற பெரிய வாய் மீன். தண்ணீர் விறைக்கும் காலத்தில் க்ராப்பி. வெள்ளித் தட்டில் மிளகு தூவியதுபோல இருக்கும், உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிது. பிடித்ததெல்லாம் அவனுக்கே கொடுத்துவிடுவேன். வீட்டுக்குக் கொண்டுபோனால் எங்கே வாங்கினாய் என்று கேட்பார்களே. ஆனால் எனக்குத் தெரிந்தது மிதப்புப் போட்டுப் பிடிப்பது மட்டும்தான். இறகு கட்டிய பொய் ஈயை வீசிப் பிடிப்பது டாக்டர்மாரின் விளையாட்டு என்று நினைத்திருந்தேன். முயல் முகத்திலிருந்து பிடுங்கிய மயிரைத் தூண்டில் முள்ளில் சுற்றி ஈ செய்வார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

நாய் விடாமல் குரைத்ததில் அத்தான் திரும்பிப் பார்த்தார். தடி கையில் அப்படியே நின்றது. பொலிஸ் பிடித்த முகம். அக்கா சொன்ன கள்ளம் அப்போதுதான் தெரிந்தது.

"அக்காவுக்குச் சொல்லிப்போடாதையும்" என்றார், நான் வாய் திறக்க முன்பே.

"இதுதானோ அத்தான்? வேற ஒண்டும் இல்லையோ? பொம்பிளை...?"

"விசரோ உமக்கு? ஆரெண்டாலும் என்னை விரும்புவாளோ? இந்தத் தொப்பியோடை?"

நான் சிரித்திருக்க வேண்டும். நானும் மீன் பிடிக்கிறவன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அவர் அக்காவுக்குச் சொல்லுவார், அக்கா அப்பாவுக்குச் சொல்லுவாள், அப்பா லிப்டில் ஏறுகிற எல்லோருக்கும் சொல்லுவார் என்று கணக்குப் போட்டு வாயை மூடிக்கொண்டேன்.

அன்று பின்னேரம் அவர் எனக்கு மீனும் சிப்ஸும் வாங்கித் தந்தார். மீன் என்று சொன்னார்கள். மாவுச் சட்டைக்குள் வெள்ளையாக ஏதோ இருந்தது. காய்ச்சல்காரனுக்குக் கொடுக்க நல்லது. காகிதத்தை மடித்துக்கொண்டே அத்தான் சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டார்.

"உங்கை கனடாவிலை பாஸ் எண்டொரு மீன் இருக்காம். பிறகு க்ராப்பி எண்டும். லைப்ரரியிலை ஒரு புத்தகத்திலை படம் பாத்தனான். ஈயிலையும் கொத்துமாம். கேள்விப்பட்டனீரோ?"

"எனக்கென்ன தெரியும் அத்தான்? நான் வேலையும் வீடும்" என்றேன். என் வாயை நானே அடிக்கலாம் போல இருந்தது. அந்தப் புல்வெளியில் அவர் பழகியது எந்த ஊர் மீனுக்கு என்று அப்போதுதான் விளங்கியது. ரிக்கற் போடாத மனுசன் கனடா மீனுக்கு வீசிப் பழகிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை விடிய அன்ரி பிட்டைக் கட்டித் தந்தார். இந்தமுறை என்னைக் கணக்கில் சேர்த்து மூன்று ஆள் பிட்டு. ஏரிக்கு என்றார் அத்தான், பஸ்ஸில் ஏறினோம். பாதி வழியில் அது நின்றுவிட்டது, டிரைவர் இறங்கி மூக்கைச் சிந்திவிட்டுப் பேப்பர் வாசித்தார். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. ஏனென்று நானும் கேட்கவில்லை, உள்ளுக்குள் மட்டும் செத்துக்கொண்டிருந்தேன். மிச்சத் தூரத்தை நடந்தோம்.

ஏரி என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். வீடுகளுக்குப் பின்னால் மரங்கள் சூழ்ந்த ஒரு குளம், கரையோரத்தில் கண்ணாடித் தாள்போலப் பனிக்கட்டி. ஒரு வெள்ளைக்காரக் கிழவர் பச்சைக் குடைக்குக் கீழே பெட்டிமேல் இருந்தார். ரெஜ் என்று அத்தான் சொன்னார். ஆறு வருடச் சிநேகிதர். அத்தானின் பெயர் குலம், ரெஜ்ஜுக்கு அது கென்.

"கென், பிட்டு கொண்டுவந்தாயா?" என்று கிழவர் கேட்டார். "பிட்டு" என்று சுத்தமாகவே சொன்னார்.

பொட்டலம் திறந்தது. அத்தான் ஒரு பங்கை எடுத்துக் குளத்துக்குள் எறிந்தார். பொலபொலவென்று பிட்டு தண்ணீரில் விரிந்து இறங்கியது. வெள்ளைக்காரர் பாண்தூளைப் பிசைந்து போட்டு மீனைக் கூட்டுவார்களாம். பிட்டு அதைவிட மெதுவாகத் தாழும், தேங்காய்ப்பூ மினுங்கும். அன்ரி ஆறு வருடமாகத் தேடிய அந்த மற்ற ஆள் யாரென்று கண்டுவிட்டேன். ரெஜ் தன் பங்கைச் சம்பலோடு தின்று, கண்ணீர் வழிய, "அருமை" என்றார்.

அத்தான் எனக்கு ஒரு தடி தந்தார். சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

"உது மிதப்பு. தண்ணிக்குள்ளை தாழ்ந்தா இழும். தாழாட்டிச் சும்மா இரும்."

"ஓம் அத்தான்."

"குளிர் தண்ணியிலை மீன் சோம்பேறி. ஒண்டும் அகப்படாட்டியும் யோசியாதையும். அகப்பட்டாலும் விடுறதுதான். பிடிச்சு விட்டா அது மீன் பிடிக்கிறதிலை சேராது." இந்தச் சட்டத்தை அவர் யாருக்காக இயற்றினார் என்று கேட்கவில்லை.

ஒன்றரை மணித்தியாலம் ஒன்றும் நடக்கவில்லை. கைவிரல் எனக்குச் சொந்தமில்லாததுபோல ஆனது. அத்தான் தண்ணீரைப் பார்த்தபடி பேசினார். ஆறு வருடத்தில் அவர் அவ்வளவு பேசி யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

"வந்த புதுசிலை ரெண்டு மாசம் எனக்கு நித்திரை இல்லை. கேஸ் என்ன ஆகுமெண்டு தெரியாது. ஒருநாள் இந்தக் கரையிலை சும்மா நிண்டனான், உள்ளை இறங்கிற யோசனையோடை. இந்தக் கிழவன் கூப்பிட்டு, இந்தத் தடியை ஒருக்காப் பிடி, ரீ ஊத்தவேணும் எண்டவன். பிடிச்சனான். அண்டைக்கு நித்திரை வந்தது."

நான் தடியை மற்றக் கைக்கு மாற்றினேன்.

"அங்கை வந்தா என்ன செய்வன் சொல்லும். ஒரு கட்டிடத்திலை மாடிக்கு ஒரு சித்தப்பா. கலியாணம் முடிச்ச புதுசிலை ஊரிலை பண்ணைப் பாலத்தடியிலை ஒருநாள் தூண்டில் போட்டதுக்கே மாமா மூண்டு மாசம் என்னோடை கதைக்கேல்லை. உம்மடை அக்காவும் அழுதவ. பிள்ளையளைப் பாக்காமல் எனக்கு ஏலாது. இதில்லாமலும் ஏலாது. லாச்சியைத் திறக்கிறன், மூடுறன். இதை மனுசிக்கு என்னெண்டு சொல்லுறது?"

அந்த நேரம்தான் என் மிதப்பு அசைந்தது. தாழவில்லை. அரை விரல் உயரம் மேலே எழுந்து, களைத்தவன்போலச் சாய்ந்து படுத்தது.

புதிதாக வந்தவன் என்றால் பார்த்துக்கொண்டிருப்பான். தாழ்ந்தால்தானே இழுக்கச் சொன்னார்கள். ஆனால் விறைத்த தண்ணீரில் க்ராப்பி இப்படித்தான் எடுக்கும். இரையை மேலே தூக்கும், ஈயக்குண்டின் பாரம் குறைந்து மிதப்புப் படுக்கும். என் மூளை கவலைப்படத் தொடங்க முன்பே கை இழுத்துவிட்டது. தடி வளைந்தது. கரைக்குக் கொண்டுவந்து, குனிந்து, பெருவிரலை அதன் வாய்க்குள் விட்டுக் கீழ்த்தாடையைப் பிடித்துத் தூக்கினேன், பாஸைத் தூக்குவதுபோல. பச்சை உடம்பு, கறுப்புப் பட்டை, சிவப்புச் செட்டை, முதுகில் முள். பேர்ச் என்றார்கள். எங்கள் ஏரி மீன்களின் சித்தப்பா மகன் போல இருந்தது. முள் கையில் குத்தாமல் அதைத் திருப்பி, தூண்டிலை ஒரு சுழற்றில் கழற்றிவிட்டுத்தான் நிமிர்ந்தேன்.

ரெஜ் பைப்பை வாயிலிருந்து எடுத்தார். "கென், உன் மச்சான் உனக்குப் பொய் சொல்கிறார்" என்றார்.

அத்தான் என்னையே பார்த்தார். "எவ்வளவு காலமா?"

"நாலு வருஷம்."

"நேற்று க்ராப்பி தெரியாதெண்டாய்?"

"பயம் அத்தான்."

"எனக்கோ?"

"எல்லாருக்கும்."

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் குரங்குத் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாமல் மீனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். "முதல்லை அதைத் தண்ணியிலை விடடா, பாவம்" என்றார்.

அன்று ஏழு மணிக்கு அக்கா எடுப்பதாக ஏற்பாடு. அன்ரி வீட்டு நடையில்தான் போன் இருந்தது. அன்ரி சமையலறை வாசலில் கழுவிய கோப்பையையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு நின்றார். மணி அடித்தது. அத்தான் சுவரோடு ஒட்டிக்கொண்டு என்னைக் காட்டினார்.

"சொல்லு. வாறாரோ இல்லையோ?" என்றாள் அக்கா. குசலம் கூட விசாரிக்கவில்லை.

"அக்கா, பொம்பிளை ஒருத்தரும் இல்லை."

"பின்னை ஞாயிற்றுக்கிழமை எங்கை போறவர்?"

"குளத்துக்கு. மீன் பிடிக்க."

கடலுக்குக் கீழே கம்பி இரைகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அக்கா மெதுவாகச் சொன்னாள்: "பொம்பிளை எண்டாலும் நாலு பேருக்குச் சொல்லி அழலாம். இதை நான் ஆருக்குச் சொல்லுறது?"

"அதுக்குத்தான் அவர் பயப்பிடுறார். வந்தா விடமாட்டியள் எண்டு. அப்பா இருக்கிறார், சனம் இருக்கு..." மூச்சை இழுத்துக்கொண்டேன். "அக்கா, நானும்தான்."

"என்ன நானும்தான்?"

"சனிக்கிழமை ஓவர் டைம் இல்லை அக்கா."

"அது எனக்குத் தெரியும்."

"என்னெண்டு?"

"உன்ரை ஜக்கெற்றைத் தோய்க்கிறது ஆர்? நாலு வருஷமாப் பொக்கற்றுக்குள்ளை செதிள். ஒருக்காப் புழு."

"அப்ப ஏன் ஒண்டும் கேக்கேல்லை?"

"கிழமையிலை அந்த ஒரு நாள்தான் நீ சிரிச்ச முகத்தோடை வீட்டுக்குள்ளை வாறனீ. அதை ஏன் நான் கெடுப்பான்?" என்றாள். பிறகு, "போனை அவரிட்டைக் குடு" என்றாள்.

அத்தான் போனை இரண்டு கையாலும் வாங்கினார். "ஓம்" என்றார். "ஓம்... ஓம்... இல்லை, விட்டிடுவன்... எல்லாத்தையும்தான்... ஆறு வருஷமும்..." காதிலிருந்து போனைக் கொஞ்சம் தூரத்தில் பிடித்தார். அக்காவின் குரல் எனக்கே கேட்டது. பிடித்த மீனைத் தின்னாமல் விடுகிறவனை அவள் எந்த ஊரிலும் கேள்விப்படவில்லையாம். மீன் பிடித்ததற்குப் பேசாத பேச்சு முழுவதையும் விட்டதற்குப் பேசினாள். பேச்சு முடிந்து சத்தம் தாழ்ந்தது. அத்தான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு நெடுநேரம் கேட்டார். கடைசியில், "உயரமுமில்லை, கட்டையுமில்லை எண்டு சொல்லு. வந்து நிண்டு காட்டுறன்" என்றார்.

அன்ரி கோப்பையை வைத்துவிட்டு, "அப்ப ஒருத்தியும் இல்லையோ?" என்று கேட்டார். கொஞ்சம் ஏமாற்றம்தான்.

"அப்பா?" என்று அத்தானைக் கேட்டேன்.

"மாமாவைச் சமாளிக்கிறது தன்ரை பொறுப்பாம். ஆனா மீன் வெட்டுறது நாங்கள் ரெண்டு பேரும்தானாம்."

மறுநாள் ஈஸ்ட் ஹாமில் ரிக்கற் போடுகிற கடைக்குப் போனோம். அவர் மனம் மாறிவிடுமோ என்று வழியெல்லாம் அவருடைய கோட்டுக் கையைப் பிடித்திருந்தேன். கடைப் பிள்ளை நல்ல சிவப்பு சுவெட்டர் போட்டிருந்தாள்.

"எப்ப அண்ணை போகப்போறியள்? வாற கிழமையே சீற் இருக்கு."

"பங்குனி பதினைஞ்சு" என்றார் அத்தான்.

"அதுக்கு முந்தி எண்டா நேரா போற பிளைற் இருக்கு. பதினைஞ்சு எண்டா மாறிப் போகவேணும்."

"பரவாயில்லை. பதினைஞ்சு."

நான் அவரை ஒரு பக்கம் இழுத்தேன். "ஏன் அத்தான்? விசா முடியப்போகுது. அக்கா இனியும் பொறுக்கமாட்டா."

"பதினாலு ஞாயிற்றுக்கிழமை. அண்டையோடை இஞ்சை சீசன் முடியுது. பிறகு மூண்டு மாசம் ஒருத்தரும் தூண்டில் போடக்கூடாது, சட்டம். கடைசி நாள் ரெஜ்ஜோடை இருக்காமல் நான் வரமாட்டன்."

"அக்கா கேட்டா நான் என்ன சொல்லுறது?"

"நாள் பாத்துப் போட்டதெண்டு சொல்லு."

அந்தப் பிள்ளை ரிக்கற்றை எழுதத் தொடங்கினாள். கடைச் சுவரில் ஒரு பலசரக்குக் கடை கொடுத்த பெரிய காலண்டர் தொங்கியது, ஒவ்வொரு கட்டத்திலும் திதியும் ராகுகாலமும் போட்டது. எனக்குக் கை சும்மா இருக்காது. மாசித் தாளைத் தூக்கிப் பங்குனி பதினைந்தைப் பார்த்தேன். அட்டமி.

"என்னவாம்? நல்ல நாளோ?" என்று அத்தான் கேட்டார்.

தாளை மெதுவாகக் கீழே விட்டேன்.

"ஓம் அத்தான்," என்றேன். "திறமான நாள்."